அறியாமைக்கு மன்னிப்பு உண்டா?

'தெரியாமல் செய்தால் பாவமில்லை' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. காலில் மிதிபட்ட எறும்புக்கும் இதே சமாதானம்தான். வாய் தவறி வந்துவிட்ட சொல்லுக்கும் இதே சமாதானம்தான். மனிதன் இரவில் கண்ணயர வேண்டுமானால் இப்படி ஒரு சமாதானம் வேண்டித்தான் இருக்கிறது. பெரியவர்கள் இதை யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. அறிவு எதுவரை போகிறதோ அதுவரைதான் பொறுப்பும் போக முடியும் என்பது நியாயமான எண்ணம். கண் தெரியாதவன் மேல் மோதிவிட்டான் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

ஆனால் அறிவு ஓரிடத்தில் நிற்கிற பொருளாக இல்லை. நேற்றுவரை எந்த ஞானியாலும் அறிய முடியாதிருந்தது இன்று ஒரு துளி ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது. எல்லைக்கல் நகர்ந்தால் பொறுப்பும் கூடவே நகர வேண்டுமல்லவா? அறிய வழி இருந்தும் அறியாமல் இருந்துவிட்டவனுக்கு அந்தப் பழைய மன்னிப்பு செல்லுபடியாகுமா? அப்படிச் செல்லாது என்றால், குற்றவாளி யார்?

இந்தக் கேள்வி எனக்கு நார்த்தாமலையில் எழுந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், வெட்ட வெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள்தாம் நார்த்தாமலை. மேலமலையின் மீது விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் வழியில் உள்ள ஒரு சுனையை அதிகம் கவனிப்பதில்லை. அந்தச் சுனைக்குள், நீருக்கு அடியில், பாறையைக் குடைந்த ஒரு சிறு கோயிலும் அதில் ஒரு லிங்கமும் உண்டு. ஜ்வரஹரேசுவரர் என்று பெயர், காய்ச்சலைப் போக்குகிறவர். 1857-ஆம் ஆண்டில் ராமச்சந்திரத் தொண்டைமானின் ராணி, சுனை நீரை இறைக்கச் செய்து அந்த லிங்கத்தைத் தரிசித்ததாக அங்கே ஒரு கல்வெட்டுச் சொல்கிறது. மேலே நின்று பார்த்தால் நீர்தான் தெரியும். நம்புகிறவர்கள் அந்த நீரைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பார்க்காததனால் தெய்வத்துக்கு ஒரு குறைவும் இல்லை, நமக்கும் இல்லை. நீருக்கு அடியில் இருப்பது அருளாக இருக்கும்வரை அதை இறைத்துப் பார்ப்பதும் பார்க்காததும் நம் விருப்பம். அடியில் கிடப்பது விஷமாக இருந்தால்?

இதே குன்றுகளைப் பற்றி அவ்வூரில் ஒரு கதையும் சொல்வார்கள். அநுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு வானில் பறந்தபோது உதிர்ந்த துண்டுகளே இவை. ஆகையால் இங்கே அபூர்வ மூலிகைகள் உண்டு என்பார்கள். அந்தக் கதையில் எனக்கு எப்போதும் ஒரு இடம் பிடிக்கும். வேண்டிய மூலிகை எது என்று அநுமனுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அதனால் மலையையே பெயர்த்துக்கொண்டு போனான். பலசாலி, அவனால் முடிந்தது. பலமில்லாத மனிதன் வேறு வழியைத் தேடினான். மலையைத் தூக்காமல், மலைக்குள் இருக்கும் அந்த ஒரு இலையை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தையை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டான்.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரியை விட்டபோதே ரசாயனத்தையும் விட்டுவிட்டேன். ஆனாலும் இந்த வித்தையின் வரலாற்றைப் படித்தபோது ஒரு நல்ல நாவலைப் படித்த திருப்தி ஏற்பட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாம் உண்ணும் பருப்பும் பாலும் மீனும் வயிற்றில் கரைந்து அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளாகி ரத்தத்தில் கலக்கின்றன. புரதத்தைக் கட்டும் செங்கற்கள் இவை, இருபது வகை. அவற்றுள் ஒன்றுக்குப் பினைல்அலனின் என்று பெயர். நல்ல உடம்பில், நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் இது சுமார் 1 மில்லிகிராம் இருக்கும். மிஞ்சுவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி வேறு பொருளாக மாற்றிவிடும். சில குழந்தைகள் அந்த நொதி இல்லாமலே பிறக்கின்றன. அவர்களுடைய ரத்தத்தில் அந்த 1 மில்லிகிராம் 20 மில்லிகிராமாகவும் அதற்கு மேலும் ஏறிவிடுகிறது. இருபது மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை. அரை டம்ளர் ரத்தத்தில் ஓர் அரிசி மணி அளவு கூடிவிட்டால், வளர்கிற மூளை வளராமல் கருகிவிடுகிறது. பிறந்தபோது குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கும். மாதங்கள் போகப் போகத்தான் தாய்க்குச் சந்தேகம் வரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

இதை முதலில் கண்டுகொண்டது ஒரு தாயின் மூக்கு. நார்வே நாட்டில் ஒருத்திக்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் புத்தி வளரவில்லை. இருவர் மேலும் ஒரு விசித்திரமான புழுங்கல் வாடை வீசியது. வாடைக்கும் புத்திக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வைத்தியர் வைத்தியராக ஏறி இறங்கினாள். 1934-இல் போலிங் என்ற வைத்தியர் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். குழந்தைகளின் சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்துப் பார்த்தார். பச்சை நிறம் வந்தது. பிறகு மூளை வளராதவர்கள் இருக்கும் விடுதிகளில் தேடி, அதே குறையுள்ள வேறு சிலரையும் கண்டுபிடித்தார். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 'உன் மூக்கு சொன்னது சரிதான்' என்று தெரிந்துகொண்டு அந்தத் தாய் வீட்டுக்குப் போனாள்.

பிரித்தறியும் வித்தை வேறொரு மூலையிலிருந்து வந்தது. ரஷ்ய நாட்டுத் தாவர விஞ்ஞானி ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலைச்சாற்றைச் சுண்ணாம்புப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து நின்றன. மார்ட்டின், சிங் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் லீட்ஸ் நகரத்தில் ஆட்டு ரோமத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ரோமமும் புரதம்தானே? அதிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க 1941-இல் ஒரு வழி கண்டார்கள். 1944-இல் மார்ட்டினும் வேறு இருவரும் அதை வெறும் வடிதாளிலேயே செய்து காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மசி ஒற்றும் தாளின் ஓரத்தை நீரில் நனைத்தால் மசி ஊர்ந்து போய்ப் பல நிறங்களாகப் பிரிகிறதல்லவா? அதே சங்கதிதான். ஒவ்வொரு அமிலமும் தன் தன் வேகத்தில் ஊர்ந்து தனித்தனி இடத்தில் நிற்கும். நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்தால் ஊதாப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் பதிந்த திருடனின் கைரேகையைப் போலீசார் கண்டுபிடிப்பதும் இதே மருந்தைக் கொண்டுதான். 1952-இல் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1952-இல் நம் பக்கத்துப் பெங்களூரில், இந்திய விஞ்ஞானக் கழகத்தில், கே. வி. கிரி என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் வட்டமான தாளில் அமிலங்களைப் பிரித்து அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். நடுவில் ஒரு துளி. அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள். வாசலில் போடும் கோலத்தைப் போல ரத்தத்தின் ரகசியம் தாளில் விரிந்தது. 1958-இல் நியூயார்க்கில் மூர், ஸ்டைன் என்பவர்கள் இந்த வேலையைத் தானே செய்யும் இயந்திரத்தை அமைத்தார்கள். இன்றைய கருவிகள் உலர்ந்த ஒரு ரத்தப் பொட்டிலிருந்து பல அமிலங்களை, அணுத்திரள்களின் எடையை வைத்தே, சில நிமிஷங்களில் அளந்து சொல்லிவிடுகின்றன.

இதுவரை வித்தை. இனித்தான் தர்ம சங்கடம்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு வயதாகியும் நிற்கவில்லை, பேசவில்லை. அழுவதும் தலையை முட்டிக்கொள்வதுமே அவள் வேலை. அவளுடைய தாய் நாள்தோறும் ஆஸ்பத்திரிக்கு வந்து, 'என் குழந்தைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நோயின் பெயரைச் சொன்னால் அவள் திரும்பிப் போய்விடவில்லை. பிக்கல் என்ற வைத்தியரும் அவருடன் இருந்தவர்களும் வேறு வழியின்றி ஒரு வழி தேடினார்கள். பால் புரதத்தைச் சிதைத்து, கரியில் வடிகட்டி, அந்த ஒரு அமிலத்தை மட்டும் நீக்கி, மற்றவற்றைக் குழந்தைக்கு ஊட்டச் செய்தார்கள். பல மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, நாற்காலியில் ஏறியது. கண்ணில் ஒளி வந்தது.

இது உணவால் வந்ததா, தாயின் ஆசையால் வந்த பிரமையா என்று உலகம் கேட்குமே! வைத்தியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தாய்க்குத் தெரியாமல் அந்த அமிலத்தைக் குழந்தையின் உணவில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். சில நாட்களில் குழந்தை பழைய நிலைக்குச் சரிந்தது. பத்து மாதம் பாடுபட்டுப் பெற்றதெல்லாம் போய்விட்டதே என்று தாய் ஓடி வந்தாள். பிறகு உண்மையைச் சொன்னார்கள், அவள் சம்மதத்தோடு இன்னொரு முறை செய்து பார்த்தார்கள், அதே பலன். 1953-இல் இதைப் பத்திரிகையில் மறைக்காமல் எழுதினார்கள். அந்த ஒரு கட்டுரையால் பிழைத்த குழந்தைகள் ஆயிரமாயிரம்.

அவர்கள் செய்தது சரியா? பலன் பெரியது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பலனை வைத்துச் செயலை நியாயப்படுத்தினால், எந்தக் கொடுமைக்கும் ஒரு பலன் கண்டுபிடித்துவிடலாம். சோதனை தேவைப்பட்டது, வஞ்சனை தேவைப்படவில்லை என்பதே என் முடிவு. இதற்கு அவர்களே சாட்சி. இரண்டாம் முறை தாயின் சம்மதத்தோடு செய்தபோதும் பலன் மாறவில்லையே! ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்து மருந்தையே பிறப்பித்த ஒருத்தியைக் கேட்டிருந்தால், அவள் மறுத்திருக்க மாட்டாள். ஏழை எளியவர்களிடம் உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று படித்தவர்கள் எண்ணுவது எல்லா நாட்டிலும் உள்ள வியாதி போலும்.

மருந்துணவு கிடைத்தது, ஆனால் மூளை கருகுமுன் அதைத் தர வேண்டும். அமெரிக்காவில் கத்ரீ என்பவர் இதற்கு வழி செய்தார். அவருடைய மகனே மூளை வளர்ச்சியில்லாதவன். மகனுக்கு இருந்தது வேறு நோய். உறவுப் பெண் ஒருத்தியின் குழந்தைக்கு இந்த நோய் இருந்தது. குதிகாலில் ஒரு குத்து, தாளில் ஒரு துளி, அதை ஒரு கிருமி வளர்ப்பில் வைத்தால் போதும் என்று 1963-இல் எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் குத்தப்படுகிறது.

'பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய்க்காகப் பத்தாயிரத்தையும் குத்துவதா?' என்று கேட்கலாம். பிள்ளைப்பேற்றின் களைப்புத் தீராத தாயிடம், 'சோதனையில் சந்தேகம், மறுபடி வா' என்று சொல்லி, பிறகு 'ஒன்றுமில்லை' என்றால், நடுவில் அவள் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு? இவை அலட்சியப்படுத்த வேண்டிய கேள்விகள் இல்லை. ஆனால் தராசின் மறு தட்டில் ஒரு முழு ஆயுள் இருக்கிறது. இரண்டு நாள் கலக்கத்தையும் எழுபது வருஷ இருட்டையும் எடை போட அமினோ அமிலம் அளக்கும் நுட்பமான கருவி வேண்டாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்த நோயும் இதன் சகோதர நோய்களும், தாய் தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்து கிடந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும். அப்படிப்பட்ட தம்பதிகளின் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், ஒரே குறை இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் இன்றும் கால் பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. 1980-களில் கர்நாடகத்தில் அப்பாஜி ராவ் முதலியோர் ஏறக்குறைய ஒரு லட்சம் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் அமினோ அமிலங்களைப் பிரித்துப் பார்த்தபோது, இவ்வகை நோய்களுக்கும் உறவுத் திருமணத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தார்கள். இதனால் மாமன் மகளை மணந்தவரெல்லாம் பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆபத்து உண்டு, அதை அளக்கவும் முடியும் என்பதுதான் செய்தி.

பங்குனி மாதம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். எனக்குத் தெரிந்த குடும்பம். ஐம்பது வயதிருக்கும். இருபத்தைந்து வயது மகனைச் சிறு குழந்தையைப் போலக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். அவனுக்காக வருஷந்தோறும் பால்குடம் எடுக்கிறாள். அவள் மணந்தது தன் தாய்மாமனை. இப்போது அவள் மகளைத் தன் தம்பிக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது.

"அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் இவன் ரத்தத்தை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாமே" என்றேன்.

"இனிமே பாத்து என்ன தம்பி ஆகப் போவுது? இவனுக்கு வைத்தியம் இருக்கா?"

"இவனுக்காகச் சொல்லவில்லை. நாளைக்குப் பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்காக."

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "ரத்தத்துல கோளாறுன்னு ஒரு காயிதம் வந்துச்சுன்னா, எந்தம்பி கட்டிக்க மாட்டான். வெளியிலயும் யாரும் வர மாட்டாங்க. அவ காலம் பூரா இப்படியே நிக்கணும். இப்பவே, 'இவ என்ன பாவம் பண்ணினாளோ'ன்னு என்னையத்தான் சொல்றாக. நாளைக்கு அவளையும் சொல்லணுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த இளைஞனுக்கு இருப்பது இந்த நோய்தானா என்பதும் தெரியாது. மூளை வளராமைக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் அவள் பேச்சில் இருந்தது மூட நம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். தெரியாமல் இருந்தால் ஒருவேளை தப்பலாம். தெரிந்தால் நிச்சயமாகத் தண்டனை. தெரிந்துகொள்கிறவளைத் தண்டிக்கிற ஊரில், தெரியாமல் இருப்பதே புத்திசாலித்தனமாக ஆகிவிடுகிறது.

ஆகவே அறியாமையை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். அறிய வழியே இல்லாத அறியாமை ஒன்று. 1934-க்கு முன் உலகம் முழுவதும் இருந்தது அதுதான்; அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. அறியப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் அறியாமை இரண்டாவது. அந்தப் பெண்மணியுடையது அது. அந்தப் பயத்தை உண்டாக்கினவர்கள் நாம். அவளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மூன்றாவது, அறியும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பிறருக்கு எட்டாமல் வைத்திருப்பவர்களின் அறியாமை. பெரிய நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டினால் பச்சைக் குழந்தைக்கு இந்தச் சோதனை நடக்கிறது. நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாக நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு இந்தியா முழுமைக்கும் இன்னும் ஏற்படவில்லை. சோதனையோடு முடிகிற காரியமும் இல்லை இது. பருப்பும் பாலும் முட்டையும் அளவறிந்து ஒதுக்கி, விலையுயர்ந்த விசேஷ உணவை ஆண்டுக்கணக்கில் தர வேண்டும். நோயைச் சொல்லிவிட்டு உணவைத் தராமல் அனுப்பினால், 1934-இல் அந்த நார்வேத் தாய் போன மாதிரிதான் நம் தாயும் வீட்டுக்குப் போவாள். மன்னிப்புக் கிடைக்காதது இந்த மூன்றாவது அறியாமைக்குத்தான்.

இன்னொன்றும் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட மறைந்த குறைகள் நம் ஒவ்வொருவரிடமும் சில உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். துணையாக இன்னொரு குறை வந்து சேராததனால் அவை தூங்குகின்றன. 'இவள் என்ன பாவம் பண்ணினாளோ' என்று கேட்கிற வாயின் ரத்தத்திலும் அவை ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இது நாலு பேருக்குத் தெரிந்தால், அந்தப் பெண்ணின் கையில் வரும் காகிதம் அவமானச் சீட்டாக இராது. இருமலுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போல அதுவும் ஒன்றாகிவிடும்.

விதி என்ற சொல்லைக் கைவிடும்படி நான் யாரையும் கேட்கவில்லை. மனிதனுக்கு எட்டாதது என்றைக்கும் இருக்கும். அதற்கு ஒரு பெயரும் வேண்டியிருக்கும். எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்ட ஒன்றை மட்டும் அந்தப் பெயரால் அழைக்காமல் இருக்கலாம். அந்தப் பெண்மணியின் மகளுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் தம்பியிடம் நானே போய்ப் பேசுவதாக இருக்கிறேன். பெண்ணைக் கட்டாதே என்று சொல்லப் போவதில்லை. கட்டுவதானாலும் சரி, இல்லையானாலும் சரி, ரத்தம் கொடுக்கிற முதல் ஆள் நீயாக இரு, அக்கா மகளை முதலில் அனுப்பாதே என்று கேட்கப் போகிறேன். மாமன் கை நீட்டிவிட்டால், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து விரல் நீட்ட ஊருக்கு அவ்வளவு சுலபமாக மனம் வராது.